யன்னலற்ற அறைகளின் வரைபடம்: மாணவர் விடுதியொன்றின் வடிவமைப்பு மதிப்பாய்வு பற்றிய சில சிந்தனைகள்

கவிதையையும் நாவலையும் நாடகத்தையும் விமர்சனத்துக்குரிய பொருள்களாகக் கொள்ளும் நாம், பொறியியல் வரைபடத்தை அவ்வாறு கொள்வதில்லை. அது துறைசார் வல்லுநருக்கு மாத்திரம் உரியது என்றும், சரி, பிழை என்னும் இரு முடிவுகளுக்கு அப்பால் அதில் ஆராய்வதற்கு எதுவுமில்லை என்றும் கற்றோரிடையேயும் ஓர் எண்ணம் நிலவுகிறது. ஆயின் மாணவர் விடுதியொன்றின் வரைபடம், ஒருவர் எங்கே உறங்குவார், யாருடன் உண்பார், தீப்பற்றினால் எவ்வழியால் வெளியேறுவார், காலையில் கண்விழித்ததும் எதைக் காண்பார் என்பவற்றையெல்லாம் அவர் அங்கு வருவதற்கு முன்னரே தீர்மானித்துவிடும் ஆவணமாகும். பிடிக்காத நூலை மூடிவைக்கலாம். வேறு வதிவிடம் கிடையாத மாணவர் தமது விடுதியை அவ்வாறு மூடிவைத்தல் இயலாது. எனவே, வரைபடத்தை வாசிப்பதும் அதனை மதிப்பிடுவதும் சமூக அக்கறையுடைய எவருக்கும் உரிய பணிகளே எனலாம்.

இக்கட்டுரை கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் கட்டப்படவிருந்து, 2023இல் கைவிடப்பட்ட மங்கர் மண்டபம் என்னும் விடுதியின் வடிவமைப்பை எடுத்துக்கொள்கிறது. அவ்விடுதி பற்றி உலகப் பத்திரிகைகள் பல எழுதின. அவற்றிற் பெரும்பாலானவை அதனை ஒரு கோடீசுவரரின் விசித்திர ஆசையாகவே நோக்கின. அந்நோக்கு முழுமையானதன்று. தனி மனிதரின் விசித்திரம் ஒன்று, நூற்றைம்பது கோடி டொலர் மதிப்பிடப்பட்ட கட்டடமொன்றின் இறுதி வரைபடம் வரை எவ்வாறு வளர்ந்து சென்றது என்பதே வினவற்பாலது. மதிப்பாய்வு என்பது விதிக்கு அமைவதைச் சரிபார்க்கும் சடங்காகச் சுருங்கும்போது அடிப்படைத் தீர்மானங்கள் யாவும் கேள்விக்கு அப்பாற்பட்டனவாகி விடுகின்றன என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

முதலில் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். சாந்தா பார்பரா வளாகம் 2010ஆம் ஆண்டின் நீண்டகால அபிவிருத்தித் திட்டத்தில், மாணவர் தொகையை 25,000 வரை உயர்த்துவதற்கும், அதன்பொருட்டு மேலும் 5,000 மாணவருக்கு வதிவிடம் அமைப்பதற்கும் உடன்பட்டிருந்தது. மாணவர் வந்தனர், வதிவிடம் போதிய அளவில் வரவில்லை. 2021ஆம் ஆண்டு இலையுதிர் காலத் தவணை தொடங்கியபோது பல்கலைக்கழகம் நூற்றுக்கணக்கான மாணவரை விடுதியின்மை காரணமாக ஹோட்டல்களில் தங்கவைக்க நேர்ந்தது. எனவே தேவை உண்மையானது, கற்பனையானதன்று. இதனை மறந்துவிட்டு அவ்வடிவமைப்பை விமர்சிப்பது நேர்மையாகாது.

இத்தேவையின் நடுவே, பேர்க்ஷயர் ஹாதவே நிறுவனத்தின் உப தலைவரான சார்ள்ஸ் மங்கர் 2016இல் 20 கோடி டொலர் நன்கொடையளிக்க முன்வந்தார். அவர் சட்டம் பயின்றவர். கட்டடக்கலையில் முறையான பயிற்சி பெற்றவரல்லர். ஆயினும் விடுதி தமது எண்ணப்படியே அமையவேண்டும் என்பது நன்கொடையின் நிபந்தனையாயிற்று. 2021இல் வெளிப்பட்ட வடிவமைப்பின்படி அது 11 மாடிகளைக் கொண்ட ஒரே கட்டடம். ஏறத்தாழ 16 இலட்சத்து 80 ஆயிரம் சதுர அடிப் பரப்பு. ஏறத்தாழ 4,500 மாணவர். பிரதான வாயில்கள் இரண்டு. மதிப்பிடப்பட்ட செலவு 150 கோடி டொலர். படுக்கையறைகளில் நூற்றுக்கு 94 யன்னலற்றவை. யன்னலுக்குப் பதிலாக, பகலொளியைப் போலச் செய்யும் மின்விளக்குப் பலகைகள் அவ்வறைகளிற் பொருத்தப்படவிருந்தன. உல்லாசக் கப்பல்களின் உள்ளறைகளில் உள்ள செயற்கை யன்னல்களே இதற்கு முன்மாதிரியாயின.

2021 ஒக்டோபரில் இவ்வடிவமைப்பு, பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு மதிப்பாய்வுக் குழுவின் முன் வைக்கப்பட்டது. ஏறத்தாழ 15 ஆண்டுகள் அக்குழுவிற் பணியாற்றிய ஆலோசகக் கட்டடக் கலைஞர் டென்னிஸ் மக்பாடன் அம்மாதமே பதவி விலகினார். கட்டடக் கலைஞன், பெற்றோர், மனிதன் ஆகிய எந்நிலையில் நின்று நோக்கினும் இவ்வடிவமைப்பைத் தம்மால் ஆதரிக்க இயலாது என்பது அவரது கடிதத்தின் சாரம். கடிதம் பகிரங்கமானதும் மாணவரும் ஆசிரியரும் கட்டடக் கலைஞர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். கல்விசார் மூதவை நியமித்த குழு 2022இல் தனது அறிக்கையை அளித்தது. மாணவரின் உடல்நலம், மனநலம், பாதுகாப்பு என்பவற்றுக்கு முன்கூட்டியே காணத்தக்க ஆபத்துக்கள் உள்ளமையால், பெரிய மாற்றங்கள் இன்றி இத்திட்டத்தை முன்னெடுத்தல் உசிதமன்று என்பது அதன் முடிபு. 2023இல் பல்கலைக்கழகம் இத்திட்டத்தைக் கைவிட்டு வேறு வடிவமைப்பாளரை நாடியது. அவ்வாண்டு நவம்பரில் மங்கர் காலமானார்.

2

இனி வரைபடத்துக்கு வருவோம். பொதுமக்களின் விவாதத்தில், யன்னலின்மை ஒரு குறையாகவும், யன்னலை வைத்துவிட்டால் அக்குறை தீர்ந்துவிடும் என்பது போலவும் பேசப்பட்டது. மிக எளிய கணக்கொன்று இதன் உண்மையைப் புலப்படுத்தும்.

மொத்தப் பரப்பை 11 மாடிகளால் வகுத்தால், ஒரு மாடிக்கு ஏறத்தாழ 1,52,700 சதுர அடி வருகிறது. கணக்கின் எளிமை கருதி அதனைச் சதுரமாகக் கொள்வோமாயின், ஒரு பக்கம் 391 அடி. நான்கு பக்கமும் சேர்ந்த வெளிச்சுவரின் நீளம் ஏறத்தாழ 1,560 அடி. மாணவர் வதியும் மாடிகள் ஒன்பது. எனவே மாடிக்கு ஏறத்தாழ 500 மாணவர். ஒவ்வொருவருக்கும் தனிப் படுக்கையறை. 1,560 அடியை 500 ஆற் பிரித்தால், ஒரு மாணவருக்குரிய வெளிச்சுவர் மூன்றடியும் சில அங்குலமுமே. அறையோ ஏழடி அகலமும் பத்தடி நீளமும் உடையது. ஏழடி அறையை மூன்றடிச் சுவரிற் பொருத்த எந்தப் பொறியியலாளராலும் முடியாது.

இதிலிருந்து இரு முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, யன்னலின்மை அறையின் குறையன்று. கட்டடத்தின் தடிப்பிலிருந்து தவிர்க்கவியலாதவாறு பிறக்கும் விளைவு. கட்டடத்தின் பருமனும் ஆழமும் முடிவாகிய அன்றே நூற்றுக்கு 94 அறைகளின் விதியும் முடிவாகிவிட்டது. அதன்பின் அறைகளின் விபரப் படங்களை எத்துணை கவனமாக ஆராய்ந்தாலும் பயனில்லை.

இரண்டாவது முடிபு இன்னும் சிந்திக்கத்தக்கது. மொத்தப் பரப்பை மாணவர் தொகையால் வகுத்தால், தலைக்கு ஏறத்தாழ 373 சதுர அடி வருகிறது. மாணவர் விடுதிக்கு இது சிறிய அளவன்று. ஆகவே, இடம் போதாமையால் யன்னலைத் தியாகஞ்செய்ய நேர்ந்தது என்ற வாதம் நிலைக்கவில்லை. அங்கு பற்றாக்குறையாய் இருந்தது பரப்பன்று, விளிம்பு. விளிம்பு என்பது வடிவத்தின் விளைவு. வடிவமோ மனிதரின் தீர்மானம். ஒரு மாடியின் அதே பரப்பை ஏறத்தாழ 92 அடி அகலமும் 1,660 அடி நீளமும் உடைய பட்டையாக்கி, முற்றங்களைச் சுற்றி மடித்து அமைத்தால், வெளிச்சுவர் 3,500 அடியாகிறது. 500 அறைகளுக்கும் ஏழடி வீதம் கிடைக்கிறது. மடிப்புகளிலும் படிக்கட்டுகளிலும் சிறிது இழப்பு ஏற்படும். பொது அறைகளுக்கும் சிறிது வெளிச்சுவர் வேண்டும். நிலமும் கூடுதலாகத் தேவைப்படும். ஆயினும் வழியொன்று உண்டு என்பது தெளிவாகிறது. மக்பாடன் தமது கடிதத்தில் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியின் பான்குறொவ்ற் மண்டபத்தை எடுத்துக்காட்டியதும் இக்காரணம் பற்றியே. அது 4,000க்கு மேற்பட்டோரைக் கொண்ட மிகப் பெரிய விடுதி; ஆயின் பல முற்றங்களைச் சூழ்ந்த பல சிறகுகளாகவும், 25க்கு மேற்பட்ட வாயில்களை உடையதாகவும் அமைந்துள்ளது.

விளிம்பை நீட்டும் கலைக்குச் சிறந்த சான்று, மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ வடிவமைத்து 1949இல் நிறைவுற்ற பேக்கர் இல்லமாகும். சார்ள்ஸ் நதிக்கரையில் நேர்கோட்டில் அமையவேண்டிய விடுதியை அவர் பாம்பு நெளிவதுபோல வளைத்தார். அவ்வளைவை வெறும் அலங்காரமாகக் கருதுவோர் உளர். உண்மையில் அது ஒரு கணக்கின் விடை. குறிப்பிட்ட நிலத்தில் வெளிச்சுவரை நீளமாக்கி, கூடிய தொகையான அறைகளுக்கு நதியையும் வெயிலையும் கிடைக்கச்செய்தல் எவ்வாறு என்னும் வினாவுக்குப் பல மாற்று வரைபடங்களை ஒப்பிட்டபின் அவர் கண்ட விடை அது. இரு விடுதிகளிலும் கணிதம் உண்டு. ஒன்றில் அறையின் வெளிச்சத்தை முதலாகக் கொண்டு கட்டடத்தின் வடிவம் பெறப்பட்டது. மற்றையதிற் கட்டடத்தின் பருமனை முதலாகக் கொண்டு அறையின் இருள் பெறப்பட்டது.

3

இத்தகைய அறைக்குச் சட்டம் எவ்வாறு இடங்கொடுத்தது? அமெரிக்காவில் வழங்கும் மாதிரிக் கட்டட விதிக்கோவை, இயற்கை ஒளிக்குப் பதிலாகப் போதிய செயற்கை ஒளியையும், இயற்கைக் காற்றோட்டத்துக்குப் பதிலாக இயந்திரக் காற்றோட்டத்தையும் ஏற்றுக்கொள்கிறது. தானியங்கி நீர்தெளிப்பான்களும் ஒன்றுக்கு மேற்பட்ட வெளியேறும் வழிகளும் உள்ள குடியிருப்புகளில், படுக்கையறை யன்னல் வழியாகத் தப்பிக்கும் வசதியும் கட்டாயமன்று. எனவே விதிக்கு அமைவானதா என்று மாத்திரம் கேட்கும் பொறியியலாளர், இவ்வரைபடத்திற் கையொப்பமிடத் தடையேதும் காணமாட்டார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அதே மங்கரின் 11 கோடி டொலர் நன்கொடையுடன் 2015இல் திறக்கப்பட்ட பட்டப்பின் மாணவர் விடுதியிலும் பெரும்பாலான படுக்கையறைகள் யன்னலற்றவையே. ரெக்சஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில் தனியார் கட்டிய மாணவர் குடியிருப்புகளிலும் இத்தகைய அறைகள் உள்ளன. அங்கெல்லாம் வள்ளலின் விசித்திரம் காரணமாகவில்லை. நிலத்தின் விலையும் வாடகையின் இலாபமுமே காரணங்கள்.

ஆயின் படுக்கையறைக்கு யன்னல் வேண்டும் என்னும் விதி எங்கிருந்து வந்தது என்பதை நோக்கின், அது கட்டடக் கலைஞரின் அழகுணர்விலிருந்து பிறக்கவில்லை என்பது புலனாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நியூயோர்க் நகரில், குடியேறிய தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த அடுக்குக் குடியிருப்புகளின் உள்ளறைகள் இருண்டும் காற்றின்றியும் இருந்தன. காசநோய் அவ்வறைகளின் நிரந்தரக் குடியாளாயிற்று. 1878-79இல், குழாய்ப் பொறியியலும் சுகாதாரமும் பற்றிய சஞ்சிகையொன்று, முன்மாதிரிக் குடியிருப்புக்கான வரைபடப் போட்டியை நடத்தியது. ஜேம்ஸ் வெயர் என்பவரின் வரைபடம் பரிசு பெற்றது. நடுவிற் குறுகிய அவ்வடிவம், அடுத்தடுத்த இரு கட்டடங்களுக்கிடையே ஓர் ஒடுங்கிய காற்றுக்குழியை விட்டது. 1879ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வோர் அறைக்கும் யன்னல் வேண்டும் என விதித்தபோது, அக்குழியை நோக்கிய யன்னல்கள் சட்டத்தின் சொல்லை நிறைவேற்றின. வரைபடத்தில் யாவும் சரியாயிருந்தன. கட்டடத்திலோ அக்குழி குப்பைக்கும் துர்நாற்றத்துக்கும் இரைச்சலுக்கும் உரியதாயிற்று; தீப்பற்றியபோது புகைபோக்கியாகவும் மாறிற்று. சீர்திருத்தவாதிகளின் நீண்ட போராட்டத்தின் பின்னர், 1901ஆம் ஆண்டுச் சட்டமே அக்குழிகளை ஒழித்து அகன்ற முற்றங்களைக் கட்டாயமாக்கியது.

இவ்வரலாறு இரு வகையில் நமக்குப் பயனுடையது. யன்னல், உழைக்கும் மக்கள் நோயாலும் மரணத்தாலும் விலைகொடுத்துப் பெற்ற உரிமை என்பது ஒன்று. விதியின் சொல்லை நிறைவேற்றும் வரைபடம், விதியின் நோக்கத்தைத் தோற்கடிக்கவும் கூடும் என்பது மற்றொன்று. நூற்றாண்டுக்கு முன் குழியை நோக்கிய யன்னல் செய்த வேலையை, நமது காலத்தில் யன்னல் வடிவிலான விளக்குப் பலகை செய்ய முற்பட்டது.

4

இவ்வடிவமைப்பை ஆதரித்தோரின் வாதங்களையும் புறக்கணித்தல் தகாது. ஒவ்வொரு மாணவருக்கும் தனியறை என்பது அவற்றுள் முதன்மையானது. இருவரும் மூவரும் ஓரறையில் நெருங்கி வாழும் விடுதிகளை அறிந்த எவரும் தனியறையின் மதிப்பைக் குறைத்து மதிப்பிடார். அறை சிறிதாகவும் யன்னலின்றியும் இருந்தால் மாணவர் பொது அறைகளுக்கு வந்து ஒருவரோடொருவர் பழகுவர் என்பது இரண்டாவது வாதம்.

கூட்டு வாழ்வை விரும்பும் முற்போக்காளரை இரண்டாவது வாதம் கவரவும் கூடும். ஆயின் அதன் உள்ளீட்டை நோக்கவேண்டும். பொது அறையைக் கவர்ச்சியுடையதாக்கி மாணவரை அழைப்பது வேறு. தனியறையை வாழத்தகாததாக்கி அவரை வெளியே தள்ளுவது வேறு. முன்னையது தோழமைக்கு இடமளிப்பது. பின்னையது மனிதரைப் பண்டங்களைப்போல நகர்த்துவது. நோயுற்றவர், துயருற்றவர், கூச்ச சுபாவமுடையவர், பரீட்சைக்குத் தனித்திருந்து படிப்பவர் ஆகியோரே இவ்வேற்பாட்டின் முழுச் சுமையையும் தாங்கவேண்டியவராவர்.

யன்னலின் பயன் வெறும் மனப்பதிவு என்போருக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. றொஜர் உல்றிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு, பென்சில்வேனியாவின் வைத்தியசாலையொன்றிற் பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 நோயாளரை ஒப்பிட்டது. யன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற் சுவரை மாத்திரம் கண்ட 23 பேரைவிட விரைவில் வீடு திரும்பினர்; வலுக்கூடிய வலிநிவாரணிகளையும் குறைவாகவே பெற்றனர். சிறிய ஆய்வொன்றிலிருந்து பெரிய முடிபுகளைப் பெறுவதில் அவதானம் வேண்டும். ஆயினும், நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினா இங்கு எழுகின்றது. 4,500 பேரை மிகுந்த நெருக்கத்தில் யன்னலின்றி வாழவைக்க முனைவோரே அது தீங்கற்றது என நிரூபிக்கக் கடமைப்பட்டவர்.

பொறியியல் நோக்கில் மேலும் ஒன்று உண்டு. யன்னலுள்ள அறை, மின்சாரம் தடைப்பட்டாலும் ஓரளவு அறையாகவே இருக்கும். யன்னலற்ற அறையின் ஒளியும் காற்றும் இயந்திரத்தில் தங்கியுள்ளன. 2017 டிசெம்பரில் தோமஸ் காட்டுத்தீ பரவியபோது சாந்தா பார்பராப் பிரதேசத்தில் மின்தடைகள் ஏற்பட்டன. இப்பல்கலைக்கழகமே தனது பரீட்சைகளை 2018 சனவரிக்குப் பிற்போட்டது. காட்டுத்தீயும் நிலநடுக்கமும் அறியப்பட்ட பிரதேசத்தில், ஆயிரக்கணக்கானோரின் படுக்கையறைகளை மின்பிறப்பாக்கியை நம்பி அமைப்பது, விதிக்கோவையின் எல்லைக்குள் அடங்கலாம். விவேகத்தின் எல்லைக்குள் அடங்குமோ என்பது ஐயத்துக்குரியது.

5

இவ்வளவும் வெளிப்படையாக இருந்தும் அவ்வரைபடம் ஏன் முன்னரே தடுக்கப்படவில்லை? இங்கேதான் மதிப்பாய்வு என்னும் நிறுவனத்தின் இயல்பை நாம் நோக்கவேண்டும். கட்டட வடிவமைப்பு படிப்படியாக வளர்வது. முதலிற் கட்டடத்தின் பருமனும் அமைவிடமும் முடிவாகும். பின்னர் கிடைப்படமும் வெட்டுமுகமும் விரியும். அதன்பின் தூண், வளை, குழாய், மின்னிணைப்பு ஆகியவற்றின் விபரப் படங்கள் வரையப்படும். முதற்படியில் ஒரு கோட்டை அழிப்பது எளிது. இறுதிப்படியில் அதே கோட்டை அழித்தால் நூற்றுக்கணக்கான படங்களை மீள வரையவேண்டும். எனவே மதிப்பாய்வு எத்துணை பிந்துகிறதோ அத்துணை வலுவிழக்கிறது. மக்பாடனின் கூற்றுப்படி, 2021 ஒக்டோபர்க் கூட்டத்தில் வடிவமைப்பு முற்றிலும் நிறைவுற்றது என அறிவிக்கப்பட்டது, அங்கீகாரம் கோரப்படவில்லை, வாக்கெடுப்பும் நடைபெறவில்லை. மதிப்பாய்வுக் குழு பார்வையாளர் குழுவாக மாற்றப்பட்டது என்பதே இதன் பொருள்.

இம்மாற்றத்தின் பொருளாதார அடிப்படையை ஓர் எண் காட்டுகிறது. 150 கோடியில் 20 கோடி என்பது ஏறத்தாழ நூற்றுக்கு 13. நூற்றுக்கு 13 தருபவர் வடிவத்தை முழுமையாகத் தீர்மானித்தார். எஞ்சிய 87ஐத் திரட்டவேண்டியது பொதுப் பல்கலைக்கழகம். விடுதிச் செலவு ஈற்றில் வாடகையாக வந்தடைவது மாணவரை. ஆயினும் அவ்வறையில் உறங்கவேண்டிய மாணவர், வரைபடம் நிறைவுறும்வரை தீர்மானிப்போராக எங்கும் இடம்பெறவில்லை. நன்கொடை இங்கு கட்டடத்தை மாத்திரம் வாங்கவில்லை; கேள்வியிலிருந்து விலக்களிப்பையும் வாங்கியது. அரச நிதி சுருங்கும்போது பல்கலைக்கழகங்கள் வள்ளல்களை நாடுவது இயல்பு. அவ்வாறு நாடும்போது அறிவுச் சுதந்திரம் பறிபோகும் என நாம் அடிக்கடி எச்சரிக்கிறோம். வரைபட மேசையிலும் அது பறிபோகக்கூடும் என்பதை இவ்விடுதி உணர்த்துகிறது.

மாறாக, மூதவைக் குழுவின் 2022ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பாய்வு எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும். அது விதிக்கோவையோடு நின்றுவிடாமல், மாணவரின் நலன், நெருக்கம், பாதுகாப்பு, கல்வி என்பவற்றை ஒருங்கே வினவியது. அதன் குறைபாடு ஒன்றே: அது பிந்தியது. நன்கொடை முன்வந்த 2016இலிருந்து திட்டம் கைவிடப்பட்ட 2023 வரை ஏழு ஆண்டுகள் கழிந்தன. அவ்வேழு ஆண்டுகளில் ஒரு மாணவர் தலைமுறை நுழைந்து பட்டம்பெற்று வெளியேறிவிட்டது. அத்தலைமுறைக்கு யன்னலற்ற அறையும் கிடைக்கவில்லை. யன்னலுள்ள அறையும் கிடைக்கவில்லை. மோசமான வரைபடம் தோற்றதை வெற்றியாகக் கொண்டாடுவோர், இவ்விழப்பையும் கணக்கில் எடுத்தல் வேண்டும்.

ஆகவே நாம் வேண்டி நிற்பது மதிப்பாய்வின் கடுமை மாத்திரமன்று. அதன் காலமும் அதிற் பங்குபெறுவோரும் மாறவேண்டும். கட்டடத்தின் பருமன் ஒரு தாளில் ஒரு செவ்வகமாக மாத்திரம் இருக்கும் வேளையில், ஒருவருக்கு எத்தனை அடி வெளிச்சுவர் வரும் என்ற கணக்கு பகிரங்கமாகப் போடப்படவேண்டும். அக்கணக்குக்கு உயர்கணிதம் தேவையில்லை. இரு வகுத்தல்களும் ஒரு வர்க்கமூலமும் போதும். அதனைப் போடும் மேசையில் மாணவரும் இருத்தல் வேண்டும். வள்ளலின் நிபந்தனை அம்மேசைக்கு மேலாக அமைதலாகாது. பொறியியலாளர் தமது கையொப்பத்தை, விதி மீறப்படவில்லை என்பதற்கான சான்றாக மாத்திரமன்றி, இவ்வறையில் ஒருவர் வாழலாம் என்பதற்கான சான்றாகவும் கருதவேண்டும்.

விடுதி வாழ்வை அறிந்த வாசகர் பலரை உடையது இவ்விதழ். புதிய விடுதியொன்றின் வரைபடம் நம்முன் வரும்போது, முகப்பின் அழகைக் காட்டும் வண்ணப் படத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, கிடைப்படத்தை எடுத்து, கட்டடத்தின் ஆழத்தை அளப்போமாக. வெயில் எந்த அறைவரை வரும் என்பதை அந்த ஓர் அளவே பெரும்பாலும் சொல்லிவிடும்.